இரவில் ஒளிரும் பழைய திரையரங்கம்: சாஃப்ட் பேஸ்டலில் வரைய முழுமையான வழிகாட்டி

எரிகிற பல்புக்கும் பக்கத்துச் சந்தின் இருட்டுக்கும் இடையே பிரகாசத்தில் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும். சாஃப்ட் பேஸ்டல் என்னும் பொடிவண்ணக் குச்சிப் பெட்டியின் வெள்ளைக் குச்சிக்கும் மிகக் கருத்த குச்சிக்கும் இடையே அது சில பத்து மடங்கைத் தாண்டாது. எவ்வளவு நல்ல குச்சி வாங்கினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. கையில் உள்ள கொஞ்சம் வெளிச்சத்தை எங்கே செலவழிக்கிறோம், எங்கே இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதை வைத்துத்தான் இரவுப் படம் நிற்கும், விழும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டவை.

பழைய திரையரங்குகள் இந்தக் கணக்கைப் பழகுவதற்கென்றே கட்டியவை போல இருக்கும். வாசலுக்கு மேலே தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விளக்குக் கூரையான மார்க்கீ, சுவரை ஒட்டி மேலேறும் செங்குத்துப் பெயர்ப்பலகை, அடுக்கடுக்காக உயரும் முகப்பு என்று வெளிச்சம் விழுவதற்கே செய்த பரப்புகள். 1921-இல் திறந்த சிகாகோ தியேட்டர், 1938-இல் திறந்த மும்பையின் ஈராஸ் போன்றவற்றின் இரவுப் படங்களைப் பார்த்தாலே இது புரியும். முதன்முறை வரைகிறவர்கள் 30×40 செ.மீ. அளவில் தொடங்கலாம். அதைவிடச் சிறிதானால் பல்புகளும் எழுத்துகளும் குச்சியின் முனைக்குள் அடங்காது. வேலைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

தாள்தான் முதல் முடிவு. மணல் பூசிய பேஸ்டல் தாள் வேண்டும். யூஆர்ட் வகையில் 400 அல்லது 500 எண் பொருத்தமாக இருக்கும். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 240-இல் எழுத்துகளின் விளிம்பு பிசிறடிக்கும். 800-இல் நான்காவது அடுக்குக்கு மேல் நிறம் பிடிக்காது. சாதாரண பேஸ்டல் தாளில் இரண்டு மூன்று அடுக்குக்குள் சொரசொரப்பு அடைபட்டுவிடும். இருட்டைக் கட்டுவதற்கு அதற்கு மேல் தேவைப்படும் என்பதால் அது இங்கே உதவாது.

கறுப்புத் தாள் ஆசை காட்டும். அதன் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் பளிச்சென்று தெரியும், ஆபத்தும் அதுதான். நடுத்தர டோன்கூட (டோன் என்பது நிறத்தின் வெளிச்ச-இருட்டு அளவு) வெளிச்சம் போலத் தோன்றுவதால், உண்மையான வெளிச்சத்துக்கு இடம் மிச்சமிருப்பதாக நினைத்து ஏமாந்துவிடுவோம். வெளிர் நிறத் தாளை எடுத்து, அடித்தளத்தை நாமே போட்டுக்கொள்வது நல்லது.

குச்சிகள் முப்பதுக்குள் போதும். கடைகளில் விற்கும் தொகுப்புப் பெட்டிகளில் வெளிர் நிறங்கள் நிறைய இருக்கும், கருத்தவை மூன்று நான்குதான் இருக்கும். இரவுப் படத்துக்குத் தேவை நேர் எதிர். ஆகவே கருத்த நிறங்களைத் தனிக் குச்சிகளாக வாங்குங்கள்: அடர் நீலம் இரண்டு (ஒன்று ஊதாவைச் சார்ந்தது, இன்னொன்று பச்சையைச் சார்ந்தது), அடர் ஊதா, அடர் பச்சை, அடர் பழுப்பு, மெரூன். நடு டோனில் எரிந்த ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், மங்கிய நீலப்பச்சை, சாம்பல் ஊதா. வெளிச்சத்துக்கு வெண்மஞ்சள், கிரீம், வெளிர் பீச், வெளிர் நீலப்பச்சை, ஒரே ஒரு வெள்ளை.

அடித்தளத்துக்கு நூபேஸ்டல் போன்ற கடினக் குச்சிகள் ஆறு, நடு அடுக்குகளுக்கு ரெம்ப்ராண்ட் போன்ற நடுத்தரக் குச்சிகள், கடைசி வெளிச்சத்துக்குச் செனலியே போன்ற மிக மென்மையானவை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மென்மையான குச்சி முதலிலேயே தாளை அடைத்துவிட்டால், பிறகு கடினக் குச்சி வழுக்கும். இருப்பதைக் கீறித் தள்ளவும் செய்யும்.

இவை போக, நான்கு பேஸ்டல் பென்சில்கள், 70 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 2 செ.மீ. அகலமுள்ள விறைப்பான செயற்கை முடித் தூரிகை, ஒரு ஃபோம் துண்டு, மாஸ்கிங் டேப், பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று.

தூசி விஷயத்தில் அசட்டை வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் உண்டு. படத்தின் மேல் வாயால் ஊதாதீர்கள். பலகையைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்ப் பின்புறம் தட்டுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் மணல் தாள் விரல் தோலைத் தேய்ப்பதும் தவிரும். காய்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஈசலைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அப்போது உதிர்கிற பொடி படத்தின் கீழ்ப்பகுதியில் ஒட்டாமல் நேராகத் தரையில் விழும்.

படி 1: புகைப்படம்

செல்போன் கேமராவின் தானியங்கி அமைப்பு இரவுக்காட்சியில் இரண்டு பக்கமும் தவறு செய்யும்: மார்க்கீ முழுக்க வெள்ளைத் திட்டாகும், சுவரோ தட்டையான கறுப்பாகும். ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள். ஒன்றில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதியாகும்) குறைத்தால் நியான் குழாய்களின் உண்மை நிறமும் பல்புகளின் வரிசையும் தெரியும். இன்னொன்றில் கூட்டினால் சுவரின் அலங்காரங்களும் பக்கத்துக் கட்டடங்களும் தெரியும். வரையும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைந்து 20-லிருந்து 40 நிமிடத்துக்குள் எடுத்தால் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். கட்டடத்தின் மேல் விளிம்பு அதில் கருத்துப் பிரியும். நள்ளிரவுப் படத்தில் அந்த உதவி கிடையாது, விளிம்பை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். மழை விட்ட இரவானால் தெருவும் படத்தில் பாதி வேலை செய்யும்.

படி 2: சிறு வரைவும் டோன் திட்டமும்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று வரைவு போடுங்கள். மூன்றே டோன்: இருட்டு, நடு, வெளிச்சம். வெளிச்சம் என்று குறித்த பரப்பு மொத்தப் படத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வரைவைக் கைவிடுங்கள். மார்க்கீ நடுவில் வேண்டாம். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கட்டும். செங்குத்துப் பலகையின் நுனியைப் படத்தின் மேல் ஓரத்தில் தொடவிடாதீர்கள். உள்ளேயே முடிய வேண்டும், அல்லது தைரியமாக வெட்டப்பட வேண்டும்.

படி 3: கோட்டோவியம்

கிராஃபைட் பென்சிலால் வரையாதீர்கள். அதன் வழவழப்பில் பேஸ்டல் பிடிக்காது. கரித்துண்டோ அடர் ஊதா பேஸ்டல் பென்சிலோ போதும்.

முதலில் கண்மட்டக் கோடு. தெருவில் நின்று பார்க்கிறோம் என்றால் அது நிற்பவர்களின் தலை உயரத்தில், கதவின் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஓடும். மார்க்கீ அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதால், அதன் மேல் விளிம்பும் அடிவிளிம்பும் பின்னால் போகப் போக இறங்கி, இணைகோடுகள் தொலைவில் சேர்வது போலத் தோன்றும் மறையும் புள்ளியை நோக்கிச் செல்லும். அடிவிளிம்பின் சரிவு குறைவு, மேல் விளிம்பின் சரிவு அதிகம். இரண்டையும் இணையாகப் போட்டுவிட்டால் மார்க்கீ சுவரில் ஒட்டிய அட்டை போலத் தெரியும். மறையும் புள்ளி பெரும்பாலும் தாளுக்கு வெளியே விழும். மேசையில் டேப்பால் குறித்து, நீளமான அளவுகோல் வைத்துப் பிடியுங்கள்.

எழுத்துகளை இப்போதே விவரமாக எழுத வேண்டாம். பெயர்ப்பலகைக்கு ஒவ்வொரு எழுத்தின் கட்டத்தை மட்டும் போடுங்கள். தூரம் போகப் போகக் கட்டங்களின் அகலமும் இடைவெளியும் சேர்ந்தே குறைய வேண்டும்.

படி 4: ஆல்கஹால் அடித்தளம்

கடினக் குச்சிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட தூரிகையால் கரைத்துப் பரப்புங்கள். தண்ணீரைப் போல இது தாளைச் சுருட்டாது, ஐந்து பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

மார்க்கீயும் அதைச் சுற்றி ஒரு கை அகலமும் சூடான ஆரஞ்சு. அதற்கு வெளியே செங்கல் சிவப்பு, அதையும் தாண்டி ஊதா, படத்தின் ஓரங்களில் அடர் நீலம். தெருவில் மார்க்கீக்கு நேர் கீழே மறுபடியும் ஆரஞ்சுப் பட்டை. கரைக்கும்போது ஆரஞ்சில் தொடங்கி நீலத்தில் முடியுங்கள். எதிர்த்திசையில் போனால் தூரிகையில் உள்ள நீலம் ஆரஞ்சைச் சாம்பலாக்கிவிடும். இந்த ஆரஞ்சு பின்னால் இருட்டு அடுக்குகளின் இடுக்கில் துளித்துளியாக எட்டிப்பார்க்கும். வெளிச்சம் காற்றில் கலந்திருக்கும் உணர்வு அதிலிருந்துதான் வருகிறது.

படி 5: இருட்டைக் கட்டுதல்

கறுப்புக் குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். தனிக் கறுப்பு ஓட்டை போலத் தெரியும், அதற்குள் எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஊதா சார்ந்த அடர் நீலத்தை ஒரு திசையில் போட்டு, அதன் மேல் அடர் பழுப்பைக் குறுக்கே போட்டு, மூன்றாவதாக அடர் பச்சையையோ மெரூனையோ மெல்ல இழுங்கள். மூன்றும் சேர்ந்து கறுப்புக்கு ஈடான ஆழத்தைத் தரும். சூடா குளிர்ச்சியா என்பதும் உங்கள் கையில் இருக்கும். திரையரங்குக்கு அருகிலுள்ள இருட்டில் பழுப்பும் மெரூனும் மேலோங்கட்டும், தொலைவில் நீலமும் பச்சையும்.

வானத்தை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். உச்சியில் மிகக் கருமை. கூரை மட்டத்துக்கு இறங்க இறங்க ஊரின் வெளிச்சத்தால் கொஞ்சம் வெளுத்து, பழுப்பூதா ஏறும். விரலால் தேய்த்தால் நிறம் செத்து, சொரசொரப்பும் அடைபடும். வானத்தில் மட்டும், முதல் அடுக்கை மட்டும், ஃபோம் துண்டால் தேய்க்கலாம்.

கட்டடத்தின் இருண்ட பக்கமும் வானமும் சேரும் இடத்தில் விளிம்பைப் பாதி தூரத்துக்காவது தொலைத்துவிடுங்கள். எல்லா விளிம்பும் தெளிவாக இருந்தால் கத்தரித்து ஒட்டியது போல இருக்கும்.

படி 6: முகப்புச் சுவர்

இந்த வகைப் படங்களில் அதிகம் பிசகுவது இங்கேதான். பகல் வெளிச்சம் மேலிருந்து வருவதால், சுவரிலிருந்து நீட்டியிருக்கும் விளிம்புகளின் மேற்பரப்பு வெளுத்தும் அடிப்பரப்பு இருண்டும் இருக்கும். கை அதற்குப் பழகியிருக்கும். இரவில் மார்க்கீயின் வெளிச்சம் கீழிருந்து மேலே போகிறது. ஆகவே ஒவ்வொரு விளிம்பின் அடிப்பரப்பும் ஒளிரும், அதற்கு மேலே உள்ள சுவரில் நிழல் விழும். ஜன்னலின் மேல்விட்டம் பிரகாசமாகவும் கீழ்த்திண்ணையின் மேற்பரப்பு இருட்டாகவும் இருக்கும். சிற்ப அலங்காரங்களில் தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் வெளிச்சம் வாங்கும். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால், பல்பு ஒன்றுகூட வைக்காத நிலையிலேயே படம் இரவாகிவிடும்.

வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்க்கீக்கு மேலே முதல் பட்டையில் கடுகு மஞ்சள், அடுத்ததில் எரிந்த ஆரஞ்சு, பிறகு செங்கல், பிறகு மெரூன். மூன்று மாடி உயரத்துக்குள் இருட்டோடு கலந்துவிட வேண்டும். மேல் மாடியிலும் அதே மஞ்சளைத் தொடர்ந்தால் சுவரே விளக்காகிவிடும், மார்க்கீ தோற்கும்.

1925-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு பரவிய ஆர்ட் டெகோ பாணி முகப்புகளில் செங்குத்துக் கீற்றுகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு கீற்றையும் எண்ணி வரையத் தேவையில்லை. கடினக் குச்சியின் நீள விளிம்பைத் தாளில் பதித்து நேராக ஓர் இழுப்பு. மூன்று தெளிவாக, நான்காவது பாதியில் மங்க, ஐந்தாவது கோடி காட்டினால் போதும்.

படி 7: மார்க்கீ

மார்க்கீயின் அடிப்பரப்பில் பல்புகள் வரிசையாகப் பதிந்திருக்கும். இதை வெள்ளையால் நிரப்பாதீர்கள். முதலில் கடுகு மஞ்சளும் ஆரஞ்சுமாக நடு டோன், பிறகு வரிசைகளின் திசையில் வெண்மஞ்சள் கோடுகள். தனித்தனி பல்புகளைக் கடைசிப் படியில் வைக்கலாம்.

முன்பக்கப் பலகை பால் நிறத்தில் பின்னாலிருந்து ஒளிரும். கிரீம் நிறத்தை முழுக்கப் பூசி, ஓரங்களில் வெளிர் பீச்சால் கொஞ்சம் மங்கவையுங்கள். அதன் மேல் எழுத்துகளை அடர் பழுப்புப் பென்சிலால் எழுதுங்கள். கறுப்பு வேண்டாம், பின்னொளி எழுத்தின் ஓரத்தைத் தின்று சற்று மெலிய வைத்திருக்கும். ஒரு வார்த்தை மட்டும் படிக்கும்படி இருந்தால் போதும். மற்றவை எழுத்தின் உயரத்திலும் இடைவெளியிலும் நம்பும்படியான கீறல்களாக இருக்கட்டும். எல்லாவற்றையும் படிக்கும்படி எழுதினால் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு வாசிக்கப் போய்விடுவார்.

ஓரத்தில் ஓடும் பல்புகள் பெரும்பாலும் மூன்று சுற்றாக இணைக்கப்பட்டு மாறி மாறி எரிபவை. ஆகவே எல்லாம் ஒரே பிரகாசத்தில் இருக்கத் தேவையில்லை. மூன்றில் ஒன்றை மங்கிய ஆரஞ்சில் விட்டால் ஓட்டம் தெரியும்.

படி 8: நியான்

நியான் வாயு தருவது செவ்வாரஞ்சு. நீலம் ஆர்கானும் பாதரச ஆவியும் சேர்ந்து தருவது. மற்றவை நிறக் கண்ணாடியாலோ குழாயின் உட்பூச்சாலோ வருபவை. ஜார்ஜ் க்ளோத் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் குழாய்களைக் காட்டியது 1910-இல். திரையரங்குகளில் அது பரவலானது பிறகுதான். 1920-களின் தொடக்கத்துத் தோற்றத்தில் வரைவதானால் பலகையில் பல்புகளைத்தான் வைக்க வேண்டும்.

குழாயைச் சிவப்புக் குச்சியால் கோடு போட்டுவிட்டு, ஏன் எரியவில்லை என்று திகைப்பது சகஜம். எரிகிற குழாயின் நடு ஏறக்குறைய வெளுத்திருக்கும், நிறம் அதைச் சுற்றித்தான் நிற்கும். வரிசை இது: முதலில் குழாய் போகும் பாதையைவிட ஐந்து மடங்கு அகலத்துக்கு மெரூனும் சிவப்பும் கலந்த மெல்லிய ஒளிவட்டம். அதன் நடுவில் இரண்டு மடங்கு அகலத்தில் பளிச்சென்ற செவ்வாரஞ்சு. அதன் நடுவில் வெளிர் பீச்சால் ஒரே இழுப்பில் மெல்லிய கோடு. நீல நியானுக்கு அதே வரிசையில் அடர் நீலம், நடு நீலம், வெளிர் நீலப்பச்சை. ஒளிவட்டம் வெளியே போகப் போகக் கருக்க வேண்டும். சுற்றியுள்ள இருட்டைவிடத் துளி வெளுப்பாக இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் மூடுபனி போலாகிவிடும்.

குழாயின் கோட்டை எழுத்து வளையும் இடத்தில் அங்கங்கே அறுத்துவிடுங்கள். உண்மையான குழாய்களில் எழுத்துகளுக்கு இடைப்பட்ட பகுதி கறுப்பு வண்ணத்தால் மறைக்கப்பட்டிருக்கும்.

படி 9: ஈரத் தெரு

ஒளியின் பிரதிபலிப்பு படத்தில் நேர் கீழே விழும். சாலை சரிந்து போகிறது என்பதற்காக அதையும் மறையும் புள்ளியை நோக்கிச் சாய்த்தால் தெரு காய்ந்துவிடும். குச்சியைப் படுக்கவைத்து மேலிருந்து கீழே இழுத்து, பிறகு ஆங்காங்கே மெல்லிய கிடைக்கோடுகளால் வெட்டுங்கள். பிரதிபலித்த வெளிச்சம் மூலத்தைவிட ஒரு படி இருட்டாக இருக்க வேண்டும்.

தேங்கிய நீரில் தெரிவது கீழிருந்து பார்க்கும் தோற்றம். அதனால் மார்க்கீயின் அடிப்பரப்பு நேரில் தெரிவதைவிட அங்கே கூடுதலாகத் தெரியும். மேலே உள்ளதைத் தலைகீழாக நகலெடுத்தால் ஏதோ உறுத்துவது இதனால்தான்.

மனிதர்கள் மூன்று பேர் போதும். பார்ப்பவரும் அவர்களும் ஒரே சமதளத்தில் நின்றால், தூரம் எதுவானாலும் தலைகள் ஏறத்தாழ கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். தோளிலும் தலைமுடியிலும் ஒரு கீற்று பீச் நிறம், முகம் வேண்டாம்.

படி 10: கடைசி வெளிச்சம்

இதற்கு முன் செல்போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். நடு டோன்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், வெளிச்சத்தைக் கூட்டுவதற்குப் பதில் அதைச் சுற்றியுள்ள இருட்டை இன்னொரு அடுக்கு ஆழப்படுத்துங்கள்.

பிறகு மிக மென்மையான குச்சியில் புதிதாக ஒரு முனையை உடைத்து, பல்பு இருக்கும் இடத்தில் ஒருமுறை அழுத்தி எடுங்கள். தேய்க்காதீர்கள். பார்ப்பவருக்கு அருகில் உள்ள பல்புகளுக்குக் கிரீம், தள்ளிப்போகப் போக வெண்மஞ்சள். தூய வெள்ளை ஐந்தாறு புள்ளிகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தொடுகைக்குப் பிறகும் குச்சியைத் துணியில் துடையுங்கள். முனையில் ஒட்டிய கருத்த பொடி அடுத்த பல்பைச் சாம்பலாக்கிவிடும்.

கெட்டுப்போனால்

தாள் அடைபட்டு நிறம் வழுக்கினால், அந்த இடத்தைப் பழைய பெயிண்ட் பிரஷால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டு, பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் தெளிப்பானான ஃபிக்ஸேட்டிவ் ஒரு மெல்லிய பூச்சு தெளித்துக் காயவையுங்கள். சொரசொரப்பு ஓரளவு திரும்பும். சிறிய பிழைக்கு மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஒற்றி எடுக்கலாம். இருட்டு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தால் காரணம் கீழே உள்ள வெளிர் நிறம். மேலே எவ்வளவு கருமை போட்டாலும் அது கலந்துகொண்டேதான் இருக்கும். உதிர்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

முடிந்த படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் அடிப்பதில் கவனம் தேவை. அது வெளிர் நிறங்களைக் கருக்கவைக்கும். பொத்திப் பொத்தி வைத்த பல்புகள்தான் முதலில் அடங்கும். ஒன்பதாவது படி முடிந்ததும் தெளித்துக் காயவைத்து, பத்தாவது படியை அதன் மேல் தெளிக்காமல் விடுவது பாதுகாப்பான வழி. உடனே சட்டம் போடுவதாக இல்லையென்றால், மேலே கிளாஸின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் போட்டு, நகராதபடி டேப் ஒட்டித் தட்டையாக வையுங்கள். சட்டத்துக்குக் கண்ணாடியே நல்லது. சாதாரண அக்ரிலிக்கில் சேரும் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே ஸ்பேசர் வைத்து 5 மி.மீ. இடைவெளி விட்டால், காலப்போக்கில் உதிரும் பொடி சட்டத்தின் அடியில் இறங்கிவிடும், படத்தைச் சுற்றியுள்ள அட்டையான மவுன்ட்டில் கறை விழாது.